ரோந்துக் காரின் இருக்கையும் காவலரின் இடுப்பும்

அமெரிக்க ரோந்துக் காவலர் ஒருவரின் பெல்ட்டில் என்னென்ன தொங்குகின்றன என்று பார்த்தாலே பிரச்சினையின் பாதி புரிந்துவிடும். ஒரு பக்க உறையில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி; குளோக் 17 போன்ற ஒன்றென்றால் அதுவே ஒரு கிலோவை நெருங்கும். உபரியாக இரண்டு தோட்டா மேகசின்கள். மறுபக்கம் மின்னதிர்ச்சி தரும் டேசர். பிறகு வாக்கி-டாக்கி, மிளகுத் தெளிப்பான், மடக்குத் தடி, டார்ச் லைட், ஒன்றோ இரண்டோ கைவிலங்கு, ரப்பர் கையுறை, அண்மைக் காலமாக ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை. எல்லாம் சேர்ந்து பொதுவாக 5 முதல் 9 கிலோ. 13 கிலோ வரை போவதும் உண்டு. இதற்கு மேல் குண்டு துளைக்காத கவசம். இத்தனையையும் மாட்டிக்கொண்டு அவர் 8 மணி நேரம், பல ஊர்களில் 10 அல்லது 12 மணி நேரம் வேலை பார்க்கிறார். அதில் பெரும்பகுதி காரில் உட்கார்ந்தபடி. முதுகு வலிக்கிறது என்ற முறையீடு பல பத்தாண்டுகளாகவே கேட்கிறது. அதற்கு விடையாகப் பல காவல்துறைகள் இப்போது கையிலெடுத்திருப்பது சுமை வெஸ்ட். சட்டைக்கு மேல் அணியும் இதன் உள்ளே கவசம் இருக்கும், வெளியே பைகள் இருக்கும். இடுப்பில் துப்பாக்கியும் ஓரிரு பொருளும் மட்டும் மிஞ்ச, மற்றவை மார்புக்கு ஏறிவிடும். இது முதுகைக் காக்கிறதா, அல்லது வலியை இடுப்பிலிருந்து தோளுக்கு இடம் மாற்றுகிறதா? காக்கிறது என்பதே என் முடிவு. ஆனால் சுமை குறைவதால்தான் காக்கிறது என்று எண்ணுபவர்கள் தவறான காரணத்துக்காக அதை வாங்குகிறார்கள். காரணம் தவறிப்போனால், வாங்கிய பிறகு செய்ய வேண்டியவற்றையும் செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

இடுப்பிலிருந்து தோளுக்குச் சுமையைப் பகிர்வது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1858 ஆகஸ்ட் 31 அன்று ரோகில்கண்ட் பகுதியில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக, இடுப்பு பெல்ட்டோடு தோளின் குறுக்கே போகும் ஒரு வாரையும் சேர்த்துக்கொண்டார். வாளின் பாரத்தை அந்தத் தோள்வார் தாங்கியது. இந்தியக் காவல் அதிகாரிகளின் சீருடையில் இன்றும் குறுக்கே ஓடும் ‘சாம் பிரவுன்’ பெல்ட் அதுதான். அமெரிக்கக் காவலர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தாக்க வருபவன் பிடித்து இழுக்க வாகாக இருக்கும் என்ற அச்சத்தாலும் வேறு காரணங்களாலும் தோள்வார் காலப்போக்கில் கழன்றது. பாரம் முழுதும் இடுப்புக்கு வந்தது. கழன்ற பிறகுதான் சாமான்கள் பெருகின. ரிவால்வர், கைவிலங்கு, தடி என்றிருந்த பட்டியலில் கையடக்க வாக்கி-டாக்கி வந்தது, மிளகுத் தெளிப்பான் வந்தது, டேசர் வந்தது. 1965-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இழை 1970-களில் மென்கவசமாக உருவெடுத்து ஆயிரக்கணக்கான காவலர்களின் உயிரைக் காத்தது. அதன் எடையும் உடலோடு சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. புதிதாக ஒன்று வந்தபோது பழைய ஒன்றை எடுக்கலாமா என்று கேட்கும் வழக்கம் மட்டும் எங்குமே வேரூன்றவில்லை.

வலி எவ்வளவு பரவலானது? ஸ்வீடனில் 4,000-க்கும் மேற்பட்ட காவலர்களிடம் லூயிஸ் பேக் லார்சனும் அவர் குழுவினரும் நடத்திய கருத்தாய்வு 2018-இல் வெளிவந்தது. வலி மிக அதிகமாகச் சொல்லப்பட்ட இடம் கீழ்முதுகு. உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாரம் ஒரு நாளாவது வலிப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 41 விழுக்காடு. கட்டாயமாக அணியும் கருவிகளால் வரும் அசௌகரியத்துக்கும் இந்த வலிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் கனடாவில் வந்த முடிவு இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. ராயல் கனடியன் மவுன்டட் போலீஸ் படையில் 1,002 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-இல் ‘ஸ்பைன்’ இதழில் வந்தது. படையில் சேர்ந்த பிறகு நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுத் தொல்லை உண்டு என்றவர்கள் பாதிக்கும் மேல். எனினும் அது பொதுமக்களிடம் காணப்படும் அளவை ஒத்ததே, பெல்ட் அணிவதாலோ ரோந்துக் கார் ஓட்டுவதாலோ சீரான வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்றது அந்த ஆய்வு. வெஸ்ட்டை எதிர்ப்பவர்களின் கையிலுள்ள வலுவான சான்று இதுதான். இதை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. ஆனால் அதற்குள் இரண்டு சிக்கல்கள் உண்டு. காவலர்கள் உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். தேர்ந்தெடுத்த உடல்களில் வலி பொதுமக்களின் அளவுக்கு இருந்தால் அதில் ஆறுதலடைய எதுவுமில்லை. இரண்டாவது, பெல்ட் அணியாத காவலர் யார்? பெரும்பாலும் மேசை வேலையில் இருப்பவர். முதுகு தாங்காமல்தான் பலர் மேசைக்கு வருகிறார்கள். வலியோடு வந்தவர்களை ‘பெல்ட் அணியாதவர்’ கணக்கில் சேர்த்து ஒப்பிட்டால் பெல்ட் குற்றமற்றதாகவே தெரியும்.

வட அயர்லாந்தின் சான்று இன்னும் நுட்பமானது. அங்கே கலவர ஆண்டுகளில் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி காவலர்கள் 8 கிலோவுக்கும் மேற்பட்ட கனமான உடற்கவசம் அணிந்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்துக் காவலர்கள் அணியவில்லை. கிம் பர்ட்டனும் உடனிருந்தவர்களும் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியிட்டார்கள். கவசம் அணிந்தவர்களுக்கு முதல் முதுகுத் தொல்லை விரைவாக வந்தது. நெடுநேரம் வண்டி ஓட்டுவதும் அபாயத்தைக் கூட்டியது. ஒருமுறை வந்த வலி நாள்பட்டு நிலைப்பதை மட்டும் உடற்சுமையால் விளக்க முடியவில்லை. அதில் மனத் தளர்ச்சியும் வேலையின் மீதான மனக்குறையும் பங்கு வகித்தன. உடம்பில் மாட்டும் சுமை முதுகைப் பாதிக்கும் என்பதற்கு இது சான்று. அப்படியானால் வெஸ்ட்டும் தீங்குதானே என்று கேட்கத் தோன்றும். அங்கே நடந்ததோ வேறு. ஒன்றும் இல்லாதிருந்த உடம்பில் கவசம் புதிதாகக் கூடியது. இன்றைய கேள்வியில் கவசம் ஏற்கெனவே இருக்கிறது, பெல்ட் சாமான்களும் இருக்கின்றன. அவை எங்கே இருப்பது நல்லது என்பதே விவாதம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் ‘வெஸ்ட் நல்லதா கெட்டதா’ என்ற சண்டை முடிவில்லாமல் நீள்கிறது.

இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வென்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரத்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கிளையில் உடலியக்கவியல் கற்பிக்கும் ஜெஃப் ஜானட், நகரக் காவல்துறையோடும் மேயோ கிளினிக் ஹெல்த் சிஸ்டத்தோடும் சேர்ந்து ஆறு மாதம் நடத்திய சோதனை அது. 15 காவலர்கள் மூன்று மாதம் வெஸ்ட்டும் மூன்று மாதம் பெல்ட்டுமாக மாறி மாறி அணிந்தார்கள். ஒரே ஆளே இரண்டையும் அணிந்ததால், இவர் உடம்பு வேறு அவர் உடம்பு வேறு என்ற ஐயத்துக்கு இடமில்லை. வெஸ்ட் அணிந்த காலத்தில் இடுப்பிலும் கீழ்முதுகிலும் அசௌகரியம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இந்த முடிவோடு வந்த இன்னொரு செய்திதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: சாமான்கள் நிரம்பிய வெஸ்ட்டின் எடை பெல்ட்டைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. கனமான ஒன்றை மாட்டியபோது வலி குறைந்திருக்கிறது. எடைதான் எதிரி என்ற கணக்கு இந்த இடத்தில் உடைகிறது.

விளக்கம் காரின் இருக்கையில் இருக்கிறது. பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னை வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெல்ட்டின் பின்பக்கமுள்ள கைவிலங்கு உறையும் பக்கவாட்டில் புடைக்கும் துப்பாக்கியும் வாக்கி-டாக்கியும் உடலை இருக்கையின் முதுகிலிருந்து முன்னே தள்ளிவிடுகின்றன. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் இரும்போ வெற்றிடமோ இருக்கிறது. காவலர் மெல்லச் சரிந்து கூன்போட்டு உட்காருகிறார். 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்பு டிஸ்க்குகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட முட்டில்லாமல் உட்கார்வதில் அது கூடுகிறது என்றார். 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் வில்கே குழுவினர் செய்த அளவீடு, தளர்வாக உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட அதிகமில்லை என்று அதைத் திருத்தியது. எது சரி என்ற விவாதம் இருக்கட்டும். பின்னால் சாய்ந்து முதுகைத் தாங்கவிட்டால் அழுத்தம் குறையும், முன்குனிந்தால் கூடும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. பெல்ட் பறிப்பது அந்தச் சாய்மானத்தைத்தான். அமெரிக்க ரோந்துக் காரில் ஓட்டுநருக்கு வலப்பக்கம் பொருத்தியிருக்கும் லேப்டாப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அறிக்கை தட்டச்சு செய்ய அவர் இடுப்புக்கு மேலே வலப்பக்கம் திரும்புகிறார். வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கையில் குத்தி நிற்க, இடுப்பு திரும்புவதில்லை. முறுக்கம் முழுதும் கீழ்முதுகில் இறங்குகிறது. பெல்ட்டின் இறுக்கம் தொடையின் வெளிப்புறத்துக்குப் போகும் நரம்பை நசுக்கி அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்ற நோயும் காவலர்களிடம் பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மலையேறுபவர்களின் பையில் அகலமான இடுப்புப் பட்டை வைத்திருப்பதே தோளின் பாரத்தை இடுப்புக்கு இறக்கத்தான். இடுப்பெலும்பில் இறங்கிய எடை முதுகெலும்பைத் தொடாமல் காலுக்குப் போய்விடும். தோளில் ஏற்றிய எடையோ கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு டிஸ்க்கையும் அழுத்திக்கொண்டு இறங்கும். அப்படியிருக்கக் காவலரின் பாரத்தை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றுவது தலைகீழ் வைத்தியம் இல்லையா? நிற்கிற, நடக்கிற உடலுக்கு இந்த வாதம் பொருந்தும். நாள் முழுதும் நடந்தே ரோந்து போகும் காவலருக்கு நன்றாகப் பொருந்திய பெல்ட் கேடு செய்யாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மலையேறி தன் பையைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறார். காவலர் கழற்ற முடியாது. ஒரு நாளில் பலமுறை காரில் ஏறி இறங்கி, அதே சாமான்களின் மேலேயே உட்கார வேண்டும். தவிர, மலைப்பையின் பட்டை பஞ்சு வைத்து இடுப்பெலும்பை அணைக்குமாறு வளைந்திருக்கும். காவலரின் பெல்ட் 6 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள விறைத்த பட்டை. ஆகவே வெஸ்ட் செய்வது ஒரு பேரம்: முதுகெலும்பின் மீது கொஞ்சம் கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு இருக்கையில் சாய்மானத்தைத் திரும்பப் பெறுவது. காரில் கழியும் நேரம் கூடக்கூட அந்தப் பேரம் லாபமாகும், குறைந்தால் நட்டமாகும். எந்தப் பிரிவுக்கு வெஸ்ட் தரலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பிரிவினர் காரில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதை.

நட்டப் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2016-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் நெரோலின் ராம்ஸ்ட்ரான்டும் குழுவினரும் 21 காவலர்களின் நடையை முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள். வெஸ்ட் அணிந்தபோது உடற்பகுதி, இடுப்பு, தொடை மூட்டு ஆகியவற்றின் அசைவு குறைந்தது. மூன்று மாதமாவது அணிந்து பழகிய பிறகு அந்த மாற்றம் மட்டுப்பட்டது. காவலர்கள் விரும்பியதும் வெஸ்ட்டையே. நியூசிலாந்தில் சுமார் 7.65 கிலோ கவசமும் கருவிகளும் அணிந்த காவலர்களைச் சோதித்தபோது சமநிலை, வேகம், மல்லுக்கட்டு என்று எல்லாவற்றிலும் அவர்கள் பின்தங்கினார்கள். சுமை எங்கே இருந்தாலும் அதற்கு விலை உண்டு. மார்பை இறுக்கினால் மூச்சு முழுதாக இழுக்க முடியாது. கோடையில் பைகள் மூடிய மார்பில் வியர்வை உலராது; வெளியே அணியும் வெஸ்ட்டை அலுவலகத்தில் கழற்றி வைக்க முடிவது சட்டைக்குள் அணியும் கவசத்தைவிடப் பெரிய வசதி என்றாலும், தெருவில் நிற்கும் நேரத்துக்கு அது உதவாது. வெஸ்ட்டில் பை தைக்க இடம் தாராளமாக இருப்பதால் இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்துக்கொள்ளும் ஆசையும் வரும். சாம் பிரவுன் பெல்ட்டிலிருந்து இன்று வரை வந்த வரலாற்றைப் பார்த்தால், இந்த ஆசையே மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருகிறது.

வெஸ்ட்டுக்கு மாற்று இல்லையா என்றால், உண்டு. இருக்கையைத் திருத்தலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜாக் கலகன் போன்றவர்கள் ரோந்துக் கார் இருக்கையில் கீழ்முதுகுத் தாங்கலையும் பெல்ட்டுக்கான இடத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்திருக்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் காவல்துறைக்கென்று தயாரிக்கும் கார்களில், பெல்ட் புடைப்பு உட்கார வாகாக முன்னிருக்கையின் பக்க மேடுகளைக் குறைத்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் புடைப்புக்கு இடம் கொடுக்கக் குடைந்த இருக்கை, முதுகுக்குத் தாங்கலாக இருப்பதும் அந்த அளவுக்குக் குறையும். பெல்ட்டைத் தோளோடு இணைக்கும் வார்கள் இன்னொரு வழி. சட்டைக்கு உள்ளே மறைவாக அணியலாம், செலவும் சொற்பம். பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டிய தேவை குறைவதால் நரம்பு நசுங்குவது தணியலாம். எனினும் உட்காரும்போது முதுகுக்குப் பின்னே இருக்கும் இரும்பு அங்கேயேதான் இருக்கும். துப்பாக்கியைத் தொடையில் கட்டும் உறையை ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெஸ்ட்டோடு சேர்த்தே ஆராய்ந்தார்கள். காரில் துப்பாக்கி இடுப்பைக் குத்துவதற்கு நேரடியான மருந்து அது. வெஸ்ட் மட்டும் கொடுத்துத் துப்பாக்கியைப் பழைய இடத்திலேயே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

மருத்துவம் சாராத இரண்டு எதிர்ப்புகளில் ஒன்று தோற்றம். மார்பெங்கும் பைகளோடு வரும் காவலர் போர்வீரரைப் போலத் தெரிகிறார், மக்கள் அஞ்சுவார்கள் என்பது அந்த வாதம். ஃபெர்குசன் நகர ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு அதிபர் ஒபாமா அமைத்த பணிக்குழு 2015-இல் தந்த அறிக்கையும் ஆர்ப்பாட்டங்களைக் கையாள்கையில் ராணுவத் தோற்றத்தைக் குறைக்கச் சொன்னது. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். காவலரின் முதுகு நலனுக்காக மக்களின் நம்பிக்கையைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அச்சம் தருவது பெரும்பாலும் நிறமும் வெட்டும் வெளியே தொங்கும் சாமான்களுமே. சீருடைச் சட்டையின் நிறத்திலேயே, பொத்தான் வரிசையும் பெயர்ப்பட்டியும் வைத்து, தூரத்திலிருந்து சட்டையாகவே தெரியும் வெஸ்ட்டுகள் விற்பனையில் இருக்கின்றன. மற்றது கைப்பழக்கம். நெருக்கடியில் கை யோசிக்காமல் பழகிய இடத்துக்கே போகும். 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில் காவலர் ஒருவர் டேசர் என்று எண்ணித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் டான்டே ரைட் என்ற இளைஞர் இறந்தார். அங்கே இரண்டும் பெல்ட்டின் இரு பக்கங்களில்தான் இருந்தன. டேசரை மார்புக்கு மாற்றுவது இரண்டையும் தெளிவாகப் பிரிக்கக்கூடும். பழகாமல் மாற்றினால் குழப்பத்தைக் கூட்டவும் கூடும். ஆகவே புதிய இடத்தில் எடுத்துப் பழகும் பயிற்சி முடியும்வரை யாரையும் வெஸ்ட்டோடு ரோந்துக்கு அனுப்பக் கூடாது. இது முதுகைவிட மேலான விஷயம். ஓர் உயிரின் விஷயம்.

பெண் காவலர்களைப் பற்றி இந்த விவாதத்தில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பெல்ட் வடிவமைக்கப்பட்டது ஆண் உடலுக்கு. இடுப்புச் சுற்றளவு குறைந்தவருக்கு அதே எட்டுப் பத்துப் பொருள்களை மாட்ட இடம் போதாது. சாமான்கள் முதுகுத்தண்டின் நேர் பின்னே தள்ளப்படுகின்றன. உடற்பகுதி குட்டையானவருக்கு, உட்காரும்போது துப்பாக்கிப் பிடி விலாவில் இடிக்கும். அகன்ற இடுப்பில் துப்பாக்கி உறை சாய்ந்து நிற்கும். பெல்ட்டால் அதிகம் அவதிப்படுபவருக்கே வெஸ்ட்டால் அதிகப் பயன் இருக்க வேண்டும். ஆனால் வெஸ்ட்டும் ஆண் மார்புக்கே வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பயனும் கிடைக்காது. அளவெடுத்துத் தைத்துத் தருவது இங்கே சலுகை ஆகாது. சரியாகப் பொருந்தாத கவசம் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் குண்டு பாயும்.

சான்று போதுமா என்று கடைசியாகக் கேட்கலாம். 15 பேர், ஆறு மாதம், வலியைத் தாமே மதிப்பிட்டுச் சொன்ன எண்கள். எது வெஸ்ட் எது பெல்ட் என்று அணிந்தவருக்குத் தெரியாமல் செய்ய இயலாத சோதனை. விரும்பிக் கேட்ட பொருள் கிடைத்த மகிழ்ச்சியே வலியைக் குறைத்திருக்கலாம். ஸ்வீடன் கருத்தாய்விலும், ஏற்கெனவே முதுகு வலிப்பவருக்குப் பெல்ட் கூடுதலாக உறுத்தியிருக்கலாம். எது முன், எது பின் என்று அதனால் சொல்ல முடியாது. பத்தாண்டு கழித்து வெஸ்ட் அணிந்தவரின் கழுத்தும் தோளும் எப்படியிருக்கும் என்பதை ஆறு மாதச் சோதனை காட்டாது. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், வலி குறைந்த இடமும் இருக்கையின் இயக்கவியல் எதிர்பார்க்கச் சொல்லும் இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. புதுப்பொருள் மகிழ்ச்சி இடுப்பையும் கீழ்முதுகையும் மட்டும் தேடிப்பிடித்துக் குணப்படுத்தாது. மென்கவசத்துக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம் பொதுவாக ஐந்து ஆண்டு. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த மாற்றத்தின்போது காரில் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் காவலருக்கு மேலே அணியும் வெஸ்ட்டைத் தரலாம். தருவதற்கு முன் அவர் சுமப்பதை மேசையில் பரப்பி, கடந்த ஓராண்டில் ஒருமுறையும் எடுக்காததை வண்டியின் டிக்கிக்கு அனுப்பலாம். வெஸ்ட்டின் முதுகுப் பக்கம் எந்தப் பையும் கூடாது என்று விதி எழுதலாம். கழுத்து, தோள், கீழ்முதுகு மூன்றின் வலியையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஆண்டுதோறும் பதிவு செய்யலாம். இதில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. மாற்றுவது என்று ஏற்கெனவே ஒதுக்கிய பணத்துக்கு மேல் ஆகும் செலவும், நாள்பட்ட முதுகு வலியோடு விடுப்பில் போகும் காவலர் ஒருவருக்குத் துறை செய்யும் செலவுக்குப் பக்கத்தில் வராது.